யன்னல் கேட்பது சலுகையல்ல



1977 கலவரத்தில் மலையை விட்டு வன்னிக்குப் போன எங்கள் உறவுக் குடும்பமொன்று நாயாற்றில் இருக்கிறது. பள்ளிக்கூட விடுமுறையில் அவர்களைப் பார்க்கப் போனேன். இருமலில் விழுந்த மாமாவை வைத்தியசாலையில் சேர்த்திருந்தார்கள். வெளியே கடற்காற்று ஆளைத் தள்ளுகிறது. வாட்டுக்குள் போனால் மூச்சு முட்டுகிறது. யன்னல்களைச் சாத்தி ஆணி அடித்திருந்தார்கள். கட்டிலிலும் நோயாளி, கீழே பாயிலும் நோயாளி. ஒருவர் இருமிவிடும் காற்றைத்தான் அடுத்தவர் இழுக்கிறார்.

நம் தோட்டத்து டிஸ்பென்சரி மட்டும் என்ன வாழ்கிறது? 10க்கு 12 அடிக் காம்பிராவில் குடும்பமே அடைந்து கிடக்கிறோம். காய்ச்சல் என்று போனால் அங்கேயும் அடைத்த அறைதான். கேட்டால், “லயத்துச் சனத்துக்குச் சுத்தம் தெரியாது” என்கிறார்கள்.

இது பொய்ப் பழி. காசநோய் அழுக்குப் பாத்திரத்தால் வருவதில்லை. நோயாளி இருமும்போது கிருமி காற்றில் கலக்கிறது; அடைத்த அறையில் மணிக்கணக்காக மிதக்கிறது. தரையை எத்தனை தரம் கழுவினாலும் காற்றில் இருப்பது போகாது. காற்று மாற வேண்டும்.

இதற்குக் கோடிக்கணக்கில் காசும் தேவையில்லை. பெரு நாட்டின் லீமா நகரில் 8 வைத்தியசாலைகளில் அளந்து பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். கதவு யன்னல்களைத் திறந்தபோது அறைக் காற்று மணிக்குச் சுமார் 28 தடவை மாறியது. விலைகூடிய இயந்திரக் காற்றோட்டத்துக்கு உள்ள கணக்கு 12 தடவைதான். உயர்ந்த கூரையும் பெரிய யன்னலுமுள்ள பழைய கட்டிடங்கள் புதியவற்றை வென்றன. சாதாரண வாட்டில் ஒரு நோயாளிக்கு வினாடிக்கு 60 லீற்றர் புதுக்காற்று வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே சொல்லிவிட்டது.

“மலைக்குளிரில் யன்னலைத் திறப்பதா?” என்று நம்மவர்களே கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் கூரையோரக் காற்றுத் துவாரமும், நோயாளிக்குத் தடித்த கம்பளியும், யன்னலுக்கு நுளம்பு வலையும் சேர்த்துக் கேட்கிறோம். இருமுகிறவர்கள் காத்திருக்க வெளி வராந்தாவில் வாங்கு போடச் சொல்கிறோம். இதைக்கூடச் செய்ய முடியாதென்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டகையைத் திருத்த மட்டும் காசு எங்கிருந்து வருகிறது?

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் டிஸ்பென்சரி யன்னல்களை எண்ணிக்கொண்டு வாருங்கள். மொத்தம் எத்தனை, திறப்பது எத்தனை? அந்தக் கணக்கோடுதான் துரையின் மேசைக்குப் போகப் போகிறோம்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் வெட்கப்படாமல் அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோய் குணமாகும் நோய். மூச்சு விடக் காற்றில்லாத கட்டிடத்தைத்தான் நாம் போராடித் திருத்த வேண்டும்.