ஓடினால் போதுமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் தொழிற்பேட்டையை மூழ்கடித்தது பலருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த மறுநாள், எங்கள் தெருவுக்குப் பின்னால் இட்லி மாவு அரைத்து விற்கும் தம்பி ஓடி வந்தார். "சார், மூணு கிரைண்டரும் முழங்கால் தண்ணியில நின்னுச்சு. ஒண்ணைப் போட்டுப் பார்த்தேன். 'உம்'முன்னு ஒரு சத்தம், அப்புறம் ஒரே புகை."

மற்ற இரண்டையும் போடாமல் வந்தாரே, அது அவர் செய்த புண்ணியம்.

முப்பது வருஷம் மோட்டார்களோடு காலம் தள்ளியவன் சொல்கிறேன். வெள்ளத்தில் கெட்ட மோட்டாரைவிட, வெள்ளம் வடிந்ததும் "போட்டுப் பார்த்ததில்" கெட்ட மோட்டார்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். காயில் நனைந்தால் இன்சுலேஷன் பலமிழக்கும். காய வைத்திருந்தால் பிழைத்திருக்கும். ஈரத்தோடு கரண்ட் கொடுத்தால் எரிந்துபோகும்.

சேற்றுத் தண்ணீர் புகுந்த மோட்டாரைக் கழற்றி, முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பும் சேறும் உள்ளே தங்கினால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு 80, 90 டிகிரி சூட்டில் மணிக்கணக்காகக் காய வைக்க வேண்டும். ஆறியபின் 500 வோல்ட் மெக்கரில் காயிலுக்கும் பாடிக்கும் நடுவே அளக்க வேண்டும். எங்கள் காலத்தில் ஒரு மெகா ஓம் காட்டினாலே விட்டுவிடுவோம். இப்போது 5 மெகா ஓமாவது வேண்டும் என்கிறார்கள். அதுதான் சரி. பேரிங்கை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். கிரீஸில் தண்ணீர் கலந்துவிட்டால் இன்று சத்தமில்லாமல் சுற்றும், இரண்டு மாதத்தில் கத்தும்.

ஒரு ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் என்றால் காய வைக்கும் கூலி, பேரிங், கண்டன்சர் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். புதுசு விலையில் பாதியைத் தாண்டினால் புதுசே வாங்குவது என் கட்சி. வாங்கும்போது ஹெச்.பி.யோடு ஆர்.பி.எம்.மும் பழைய பிளேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். மாவு மில்லின் 10 ஹெச்.பி. மோட்டாரை மட்டும் அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். அளந்து பார்த்துத் தேறாவிட்டால் காயில் கட்டிக்கொள்ளலாம்.

"நாலு நாள் கடையை மூடினா வாடிக்கை போயிடும் சார்" என்றார் தம்பி. நியாயம்தான். பிழைப்பு அவருடையது. ஆனால் அந்த ஸ்டீல் டிரம்மில் ஈரக் கையை விட்டு மாவு அள்ளுவது அவரில்லை. சம்பளத்துக்கு வரும் ஒரு பெண். காயில் பாடியில் கசிந்தால் அடி அவளுக்குத்தான். அதனால் எர்த் வயரைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போடச் சொன்னேன்.

இரண்டில் ஒன்று தேறியது, மற்றது தேறவில்லை. ஐந்தாம் நாள் கடை திறந்தது. வாடிக்கையும் எங்கும் போய்விடவில்லை.