விற்பவரின் வளர்ச்சியும் வாங்குபவரின் தவணையும்

சி.என்.சி. மெஷின்களின் சந்தை ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. ஆகவே லேத் பட்டறை நடத்துபவர்கள் கடனுக்கு அஞ்சாமல் இப்போதே மெஷின் இறக்கிவிட வேண்டும். தயங்குபவர்கள் பத்து ஆண்டுகளில் தொழிலை விட்டே போய்விடுவார்கள். சென்ற இதழில் வந்த கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். முதல் கூற்று நீண்டகாலக் கணக்கில் உண்மை. இரண்டாவது முதலாவதிலிருந்து எந்த வகையிலும் கிளைக்கவில்லை. மூன்றாவது வெறும் மிரட்டல். கோவை கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் குறிச்சி சிட்கோவிலும் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து மெஷின் இறக்குகிறவர்கள் படிக்கிற பத்திரிகை இது. அவர்களுடைய வீட்டைப் பணயம் வைக்கச் சொல்லும் வாதம் இவ்வளவு அலட்சியமாகக் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வருகிறது.

கட்டுரை முழுவதும் ஒரே ஒரு வரைபடத்தின் மேல் நிற்கிறது: இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு. அந்தக் கோடு எதை அளக்கிறது என்று கட்டுரையாளர் ஓரிடத்திலும் கேட்கவில்லை. மெஷின் தயாரிப்பவர்கள் எத்தனை ரூபாய்க்கு விற்றார்கள் என்பதை அது அளக்கிறது. விற்ற மெஷின் பட்டறையில் எத்தனை மணி நேரம் ஓடியது, ஓடிய மணிக்கு என்ன ரேட் கிடைத்தது, பில் போட்ட பணம் எப்போது கைக்கு வந்தது என்பதெல்லாம் அதில் இல்லை. ஜாப் ஆர்டர் எடுத்துப் பிழைப்பவருக்கு இந்த மூன்றும்தான் சந்தை. மெஷின் விற்பனை கூடக்கூட இந்த மூன்றும் கெட்டுப்போவதும் உண்டு. ஒரே வட்டாரத்தில் பத்துப் பட்டறைகள் ஆளுக்கொரு வி.எம்.சி. மெஷின் இறக்கினால் விற்பனைக் கணக்கில் பத்து ஏறும். கோடு மேலே போகும். பம்ப் கம்பெனியோ அதே டிராயிங்கைப் பத்துப் பேருக்கும் அனுப்பிக் கொட்டேஷன் கேட்கும். சும்மா நிற்கிற மெஷினுக்குத் தவணை கட்ட வேண்டியவர் ரேட்டை இறக்கித்தான் ஜாபை எடுப்பார். அடுத்த முறை எல்லாருக்கும் அதுவே ரேட். ஜாப் ஒர்க் செய்கிற எவரைக் கேட்டாலும் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார் இதை. இத்தனை பக்கம் எழுதியவருக்கு இதற்கு ஒரு வரி ஒதுக்கத் தோன்றவில்லை.

மெஷின் தன் தவணையைத் தானே கட்டிக்கொள்ளும் என்பது அவர் தரும் அடுத்த உறுதி. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். டர்னிங் மெஷின் விலை 25 லட்ச ரூபாய். கையிலிருந்து 5 லட்சம், கடன் 20 லட்சம், வட்டி 12 சதவீதம், ஐந்து ஆண்டுக் கெடு. மாதத் தவணை ஏறத்தாழ 44,500 ரூபாய். மணிக்கு 300 ரூபாய் ரேட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள், நாளுக்கு இரண்டு ஷிஃப்ட், 16 மணி நேரமும் லோடு இருந்தால் 1,20,000 ரூபாய் வரும். தவணை போக 75,500. அதில் இரண்டு ஆபரேட்டர்களின் சம்பளம், கரண்ட் பில், இன்சர்ட், கூலன்ட், வாடகை, ரிஜெக்ஷன் ஆன பீஸுக்குக் கழித்த தொகை எல்லாம் போனால் முதலாளிக்கு ஏதோ மிஞ்சும். 400 மணி நேரமும் மெஷின் நிற்காமல் ஓடிய மாதத்தின் கதை இது. செட்டிங்குக்கு ஒரு நிமிடமும் போகாத, மின்சாரம் ஒருமுறையும் போகாத மாதம். அப்படி ஒரு மாதத்தை நான் எந்தப் பட்டறையிலும் கண்டதில்லை. லோடு பாதியானால் வரவு 60,000. தவணை போக 15,500. ஒரு ஆபரேட்டருக்கே அது காணாது. லோடு பாதியாகும், தவணை பாதியாகாது. இந்த எளிய கணக்கைப் போடாமல் ‘கடனுக்கு அஞ்சாதே’ என்று எழுதியவர், கடனை அடைக்கப்போகிறவர் யார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பாதி லோடு என்பது அபூர்வமான விபத்து என்று அவர் நினைத்தால், இந்தத் தொழிலின் கணக்கை மாதா மாதம் ஒழுங்காக வெளியிட்டுவரும் ஜப்பானைப் பார்க்கட்டும். அந்நாட்டு இயந்திரக் கருவித் தயாரிப்பாளர் சங்கத்தின் ஆர்டர் தொகை 2007-ல் சுமார் 1.59 லட்சம் கோடி யென். 2009-ல் சுமார் 41,000 கோடி யென். இரண்டே ஆண்டில் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. 2018-ல் 1.8 லட்சம் கோடியைத் தாண்டியது. 2020-ல் அதில் பாதி, சுமார் 90,000 கோடி. 2022-ல் மறுபடி 1.76 லட்சம் கோடி. அடுத்த ஆண்டே 1.49 லட்சம் கோடி. இவற்றில் 2009-ஐயும் 2022-ஐயும் மட்டும் பொறுக்கி எடுத்துக் கோடு போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 சதவீதக் கூட்டு வளர்ச்சி கிடைக்கும். 2007-ஐயும் 2023-ஐயும் எடுத்தால் பதினாறு ஆண்டுகளில் வளர்ச்சியே இல்லை, இறக்கம்தான். தொழில் ஒன்றே, கணக்கேடும் ஒன்றே. எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிப்பது என்பதை வரைபவர் தீர்மானிக்கிறார். தன் வரைபடம் எந்த ஆண்டில் தொடங்குகிறது, ஏன் அங்கே தொடங்குகிறது என்று கட்டுரையாளர் சொல்லவில்லை. அது பள்ளத்தில் தொடங்கும் கோடா, மேட்டில் தொடங்கும் கோடா என்று தெரியாமல் அந்த வளர்ச்சி வீதத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது.

இந்த ஏற்ற இறக்கம் தற்செயலாக வருவதும் அல்ல. சோப்பும் எண்ணெயும் தீர்ந்தால் வாங்கித்தான் ஆக வேண்டும். மெஷின் அப்படியில்லை. கார் விற்பனை கொஞ்சம் மந்தமானால் கார் கம்பெனி உற்பத்தியைக் கொஞ்சம் குறைக்கும். புது மெஷின் வாங்குவதை அடியோடு நிறுத்தும். இருக்கிற மெஷினே மிச்சமாக இருக்கும்போது புதிது எதற்கு? அந்த நாட்களில் வெளியே கொடுத்துவந்த ஜாபையும் தன் மெஷினிலேயே ஓட்டிக்கொள்ளும். முதலில் லோடு இழப்பவர் ஜாப் ஒர்க் செய்பவர். கடைசியில் மீள்பவரும் அவரே.

ஏறுமுகச் சந்தையில் கடனில் சிக்கிய மெஷின் தயாரிப்பாளர்களே தப்பவில்லை என்பதற்கு வரலாற்றில் சாட்சி உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் பர்க்மாஸ்டர் என்றொரு கம்பெனி இருந்தது. டரட் டிரில்லிங் மெஷின்களுக்குப் பேர்போனது. 1965-ல் ஹூடெய்ல் குழுமம் அதை வாங்கியது. அமெரிக்க மெஷின் தொழிலின் ஆர்டர் புத்தகங்கள் நிரம்பி வழிந்த 1979-ல், கே.கே.ஆர். நிறுவனம் பெரும்பகுதி கடன் பணத்தில் ஹூடெய்லையே வாங்கியது. கடன் சுமை குழுமத்தின் தலையில் இறங்கியது. பின்னாலேயே மந்தம் வந்தது. ஜப்பான் மெஷின்கள் விலையிலும் தரத்திலும் முந்தின. 1982-ல் ஹூடெய்ல் ரீகன் அரசிடம் போய் ஜப்பானுக்கு எதிராக மனுக் கொடுத்தது, பலிக்கவில்லை. 1980-களின் நடுவில் பர்க்மாஸ்டர் மூடப்பட்டது. உலகச் சந்தை அதன் பிறகும் வளர்ந்தது. அந்த வளர்ச்சி பர்க்மாஸ்டர் தொழிலாளிகளுக்கு எதற்கு ஆயிற்று?

இன்றைய நம் வளர்ச்சியில் யார் வாங்குகிறார்கள் என்பதையும் கட்டுரையாளர் பிரித்துப் பார்க்கவில்லை. ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோன் கூடுகள் தயாராகின்றன. உலோகத்தைக் கடைந்து கூடு எடுக்கும் இந்த வகை வேலைக்கு மெஷின்கள் வரிசை வரிசையாக, மொத்தமாக வேண்டும். 2010-க்குப் பிறகு சீனாவின் செல்போன் ஆலைகள் இப்படி மொத்தமாக வாங்கியபோதெல்லாம் ஜப்பானின் ஆர்டர் கணக்கு குதித்தது. அவர்கள் நிறுத்தியபோது விழுந்தது. பெரிய ஆலை தன் வேலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் மெஷின், விற்பனைக் கணக்கை உயர்த்தும். ஆவாரம்பாளையத்துப் பட்டறைக்கு ஒரு மணி நேர லோடும் தராது. இன்னொரு பக்கம், இந்தியாவில் மெஷின் டூல்ஸை அதிகம் வாங்குவது வாகனத் துறை. சிலிண்டர் பிளாக், கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட், கியர் பாக்ஸ் என்று இன்ஜினைச் சுற்றித்தான் நம் பட்டறைகளில் பாதி வேலை நடக்கிறது. மின்சார வண்டியில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை. மோட்டார் கூடும் ஷாஃப்ட்டும் குறைப்புக் கியரும்தான் மிச்சம். ஐந்தாண்டுக் கடனில் இன்று மெஷின் வாங்குபவருக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறென்ன இருக்க முடியும்? கட்டுரையில் மின்சார வண்டி வருகிறது, ‘புதிய வாய்ப்பு’ என்ற இரண்டு சொற்களில். எந்த ஜாபுக்கு வாய்ப்பு, எந்த ஜாபுக்குச் சாவு என்று சொல்ல வேண்டாமா?

ஜப்பானின் சிறு பட்டறைகள் துணிந்து வாங்கியதால்தான் அந்த நாடு முன்னேறியது என்று அவர் எடுத்துக்காட்டுவது பாதிச் சரித்திரம். சி.என்.சி.க்கு முன்னோடியான எண்வழிக் கட்டுப்பாட்டு மெஷினை 1952-ல் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் அமெரிக்க விமானப்படைப் பணத்தில் ஓட்டிக் காட்டினார்கள். விமான உறுப்புகளுக்கான சிக்கலான, விலையேறிய மெஷின்களின் பக்கம் அமெரிக்கா போனது. ஜப்பானில் 1956-லேயே அரசு இயந்திரத் தொழிலை ஊக்குவிக்கத் தனிச் சட்டம் போட்டது. அதே ஆண்டில் ஃபுஜிட்சுவுக்குள் தொடங்கிய வேலை, 1972-ல் ஃபனுக் என்ற தனிக் கம்பெனியாகி, எல்லா மெஷின் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான, மலிவான கன்ட்ரோலரைக் கொடுத்தது. மாகாணந்தோறும் அரசின் சோதனைக் கூடங்கள் சிறு பட்டறைகளுக்குத் தொழில்நுட்ப உதவி செய்தன. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆர்டர் தரும் தாய்க் கம்பெனிகள் இருந்தன. 1982 முதல் 27 ஆண்டுகள் ஜப்பான் உலக உற்பத்தியில் முதலிடத்தில் இருந்ததற்கு இத்தனையும் காரணம். இவற்றையெல்லாம் உருவிவிட்டுத் துணிச்சலை மட்டும் நம் பட்டறைக்காரரிடம் கேட்பது நியாயமே இல்லை. நமக்கோ நாட்டின் தேவையில் ஏறத்தாழ பாதி மெஷின்கள் இறக்குமதி. உள்நாட்டில் செய்கிற மெஷினிலும் கன்ட்ரோலர் பெரும்பாலும் ஃபனுக், சீமென்ஸ், மிட்சுபிஷி. அதன் கார்டு போனால் விலை என்ன, எத்தனை நாளாகும் என்பதை அவர்கள்தான் சொல்வார்கள்.

கட்டுரையிலேயே என்னை மிகவும் புண்படுத்திய வரி, ‘இனி திறமையான ஆள் தேவையில்லை, பட்டனை அழுத்தினால் போதும்’ என்பது. பம்ப் ஷாஃப்ட் ஓடும் ஒரு மெஷின் பக்கத்தில் காலை ஷிஃப்ட்டில் நின்று பாருங்கள். பேரிங் உட்காரும் இடம் 25 மி.மீ. விட்டம், 2 மைக்ரான் கூடுதலிலிருந்து 15 மைக்ரான் கூடுதல் வரை இருக்கலாம். மொத்தம் 13 மைக்ரான் இடைவெளி. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த ஸ்பிண்டில் சூடேற ஏற அளவு நகரும். இன்சர்ட் முனை தேயத் தேய விட்டம் கூடும். ஆபரேட்டர் மைக்ரோமீட்டரை வைத்து, மூன்று பீஸின் அளவு ஒரே பக்கமாகப் போவதைக் கண்டு, நான்காவது ரிஜெக்ட் ஆவதற்கு முன் ஆஃப்செட்டில் 5 மைக்ரான் இறக்குகிறார். சிப்ஸின் நிறம் மாறுவதையும் வெட்டும் சத்தம் மாறுவதையும் கவனித்து, கவுண்ட் முடியும் முன்பே முனையைத் திருப்புகிறார். 0.05 அடிக்க வேண்டிய இடத்தில் 5.0 அடித்தால் டூல் சக்கில் போய் மோதும். ஸ்பிண்டில் பேரிங் போனால் அந்த வருட லாபம் போச்சு. தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதுப்பித்தது பட்டன் அழுத்தச் சொல்லிக்கொடுக்கவா? மெஷின் வாங்கிவிட்டு நல்ல செட்டர் கிடைக்காமல் ஒற்றை ஷிஃப்ட்டில் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய தவணைக்கும் இந்த வரிக்கும் என்ன சம்பந்தம் என்று கட்டுரையாளர் நேரில் வந்து விளக்கட்டும்.

விலை ஏறிவிடும், இப்போதே வாங்கு என்ற கடைசி வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. லோடு இல்லாத மெஷினை 2 லட்சம் குறைவாக வாங்கினாலும் அது நஷ்டமே.

மெஷின் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கையில் இரண்டு ஆண்டுக்கான எழுத்துப்பூர்வ ஆர்டர், இரண்டு வெவ்வேறு துறைப் பார்ட்டிகள், நம்பகமான ஒரு செட்டர், ஆறு மாதத் தவணைக்குத் தனிக் கையிருப்பு, இவ்வளவும் இருப்பவர் தாராளமாக வாங்கட்டும். பில் பணத்தைப் பற்றிக் கட்டுரையாளர் வாய் திறந்திருந்தால் அதுவாவது உபயோகமாக இருந்திருக்கும். 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. வருமானவரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவாக 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி, கெடு தாண்டியும் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட விடாது. இருந்தும் 90 நாள், 120 நாள் என்று இழுத்தடிக்கப்படுகிறவர்கள் புகார் கொடுக்க அஞ்சுகிறார்கள். கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. கட்டுரையாளர் பதில் எழுதுவதானால், மூன்று ஆண்டுகளுக்கு முன் கடனில் மெஷின் இறக்கிய பட்டறைகளுக்குப் போய், அவர்களுடைய லோடு நோட்டையும் வராத பில்களையும் பார்த்துவிட்டு எழுதட்டும். அந்த எண்களை அவர் அச்சிட்டால் நானும் அவருடன் உட்கார்ந்து வாதிடத் தயார்.