முடிச்சுக்கு யார் கணக்கு?

மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பட்டியலில் முள்கம்பி வேலிக்கென்று நீளமான ஒரு வாக்கியம் உண்டு. ஆங்கிள் இரும்புத் தூண்கள், 15வது தூணுக்கெல்லாம் இருபுறமும் முட்டு, கிடையாக ஓடும் கம்பிகள், அவற்றோடு பின்னிச் செல்லும் இரண்டு குறுக்குக் கம்பிகள், 100 மீட்டருக்குக் குறைந்தது 9.38 கிலோ எடை. காற்புள்ளிகளாலேயே நடை போடும் இந்த வாக்கியத்தின் கடைசியில்தான் விஷயம் இருக்கிறது. பணம், பயன்படுத்திய முள்கம்பியின் மொத்த நீளத்துக்கு. தூணுக்கும் மண் வேலைக்கும் கான்கிரீட்டுக்கும் தனியாக.

முடிச்சு? கம்பியும் கம்பியும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில் கட்டுக்கம்பி போட்டு முறுக்குகிறார்களே, அது? அதற்குத் தனிக் கணக்கு கிடையாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு தூண்களுக்கு இடையே ஒன்பது கிடைக்கம்பிகள். ஒரு தூணின் உச்சியிலிருந்து அடுத்த தூணின் அடிக்கு ஒரு குறுக்குக் கம்பி, எதிர்த்திசையில் இன்னொன்று. மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் தூணிலேயே சந்தித்துவிடும். மிச்சமுள்ள ஏழு கம்பிகளில் ஒவ்வொன்றையும் இரண்டு குறுக்குக் கம்பிகள் வெட்டும். நடுக் கம்பியில் இரண்டும் ஒரே புள்ளியில் கூடுவதால் மொத்தம் 13 சந்திப்புகள். 3 மீட்டருக்கு ஒரு தூண் என்று வைத்தால், ஒரு கிலோமீட்டர் வேலிக்கு 4,300க்கு மேல் முடிச்சு. அவ்வளவும் ஒருவர் கையால் போட வேண்டியது. போடாமல் விட்டாலும் கம்பியின் நீளம் குறையாது, பில் குறையாது. முடிச்சு ஒப்பந்தக்காரருக்கு வெறும் செலவு. கம்பிதான் வரவு.

முடிச்சுப் போடும் கருவியைக் கட்டட வேலை நடக்கும் எந்த இடத்திலும் பார்க்கலாம். விரல் பருமனுக்கும் குறைவான ஒரு கம்பி, நுனியில் சின்ன வளைவு, மறுமுனையில் சுழலும் பிடி. கொக்கி என்றால் போதும், மேஸ்திரிக்குப் புரிந்துவிடும். கட்டுக்கம்பியை இரண்டாக மடித்து, இரு கம்பிகளும் குறுக்கிடும் இடத்தில் கோணலாகச் சுற்றி, மடிப்பின் காதில் கொக்கியை மாட்டி இழுத்துச் சுழற்ற வேண்டும். இரண்டு சுற்று, மூன்று சுற்று. ஒன்று குறைந்தால் நழுவும். ஒன்று கூடினால் கட்டுக்கம்பி அறுந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பது மணிக்கட்டுக்குத்தான் தெரியும். இழுத்தாலே தானாகச் சுழலும் கொக்கி வந்திருக்கிறது. பேட்டரியில் ஓடி, விசையை அழுத்தியதும் கட்டி முடிக்கும் இயந்திரமும் இருக்கிறது. கான்கிரீட் தளத்தில் கம்பி கட்டுவதற்கு அது சரி. முள்கம்பிக்கு நடுவே அதன் மூக்கை நுழைப்பது வேறு விஷயம். இந்தியாவின் வேலிகளில் பெரும்பாலானவை இன்னமும் கொக்கியாலும் குறடாலும் கட்டப்பட்டவைதான். வட மாநிலங்களில் குறட்டுக்கு 'பிளாஸ்' என்று பெயர். வேலிக்காரரின் இடுப்பில் அது இல்லாத நேரம் அவர் தூங்கும் நேரம்.

இந்தக் குறுக்கு முடிச்சு எதற்கு? மாட்டைக் கேட்டால் தெரியும். கிடைக்கம்பிகள் மட்டும் இருந்தால், பசித்த மாடு இரண்டு கம்பிகளுக்கு நடுவே மூக்கை விடும், பிறகு கழுத்தை, பிறகு தோளை. கம்பிகள் மேலும் கீழுமாக விலகி வழிவிடும். குறுக்குக் கம்பியோடு இறுகக் கட்டிய கம்பி அப்படி விலகாது. ஒரு கம்பியைத் தள்ளினால் ஒன்பதும் சேர்ந்து எதிர்க்கும். முடிச்சு இல்லாமல் பின்னி மட்டும் விட்ட வேலி, முதல் சில மாதங்கள் பார்வைக்குக் கச்சிதமாகவே இருக்கும். பிறகு காற்றிலும் வெயிலிலும் கம்பி தளர்ந்து உராய்ந்து, துத்தநாகப் பூச்சு தேய்ந்து, உராய்ந்த இடத்திலேயே துருப் பிடிக்கும். அதற்குள் பில் பாஸாகிவிடும்.

முள்கம்பியின் சரித்திரமே கட்டுவது எப்படி என்ற கேள்வியின் சரித்திரம்தான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் டிகால்ப் ஊரில் 1873இல் நடந்த கண்காட்சியில், ஆணி அடித்த மரச் சட்டம் ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டுக் காட்டினார் ஒரு விவசாயி. அதைப் பார்த்த மூன்று பேர் மூன்று வழியில் யோசித்தார்கள். அவர்களில் ஒருவரான ஜோசப் கிளிடன் பெயரில்தான் 1874 நவம்பர் 24 அன்று புகழ்பெற்ற காப்புரிமை வந்தது. கம்பியில் முள்ளைச் சுற்றுவது அவருக்கு முன்பே நடந்ததுதான். ஆனால் முள் வழுக்கிக்கொண்டே போகும்; மாடு உரசினால் எல்லா முட்களும் ஓரிடத்தில் குவிந்துவிடும். கிளிடன் செய்தது ஒன்றே ஒன்று. இன்னொரு கம்பியைச் சேர்த்து முறுக்கி, முள்ளை இரண்டுக்கும் நடுவே சிறைப்படுத்தினார். முட்களை வளைக்க முதலில் வீட்டுக் காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்தினார் என்று சொல்வார்கள். பாதி உரிமையை வெறும் 265 டாலருக்கு ஐசக் எல்வுட்டிடம் விற்றார். மூன்றாமவரான ஜேக்கப் ஹைஷ் சும்மா இருக்கவில்லை. வழக்கு வளர்ந்தது. 1892இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிளிடன் காப்புரிமை செல்லும் என்றது.

அடுத்த கட்டம் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டும் வேலி. ஆலையில் நெய்து சுருளாக வரும் வலை எல்லோருக்கும் கட்டுப்படியாகவில்லை. கிடைக்கம்பிகளை இழுத்துக் கட்டிவிட்டு, நிலத்திலேயே நின்று நெடுக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கட்டும் விவசாயிகளுக்காகக் கைக்கருவிகள் வந்தன. தத்துவம் எளியது. கருவியின் பிளவுக்குள் கிடைக்கம்பி உட்காரும். நெடுக்குக் கம்பியின் நுனியை ஒரு முளை பிடித்துக்கொள்ளும். பிடியைச் சுழற்றினால் நுனி கிடைக்கம்பியைச் சுற்றி இறுகிவிடும். விரலில் ரத்தம் வராது. இதற்கு எத்தனையோ விதமான வடிவங்கள் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவாகியிருக்கின்றன. அந்தக் காலத்து விவசாயி வேலியோடு எவ்வளவு மல்லாடினார் என்பதற்கு அந்தக் குவியலே சாட்சி.

வேலி கட்டும் குறட்டுக்கு ஒரு விசித்திர குணம். முறுக்குகிற அதே தாடையின் பக்கவாட்டில் வெட்டுகிற விளிம்பும் இருக்கும். டெக்சாஸில் அது 1883இல் வெளிப்பட்டது. வறட்சி. தண்ணீருக்கு மந்தையை ஓட்டிப் போனால் வழியெல்லாம் பெரும் பண்ணைகளின் முள்கம்பி. இரவோடு இரவாக மைல் கணக்கில் வேலிகள் வெட்டப்பட்டன, உயிர்களும் போயின. 1884இல் டெக்சாஸ் சட்டசபை சிறப்புக் கூட்டம் போட்டு வேலி வெட்டுவதைக் கடுங்குற்றமாக்கியது. அதே சட்டம் இன்னொன்றையும் சொன்னது: பொதுப் பாதையை மறித்து வேலி போட்டவர் மூன்று மைலுக்கு ஒரு கதவு வைத்து, அதைப் பழுதில்லாமல் பராமரிக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கதவு இருந்தும் மாட்டுக்குத் திறக்கத் தெரியாதே. 1886 ஜனவரிப் பனிப்புயலில் வடக்கு டெக்சாஸின் நீண்ட வேலிகளில் வந்து முட்டி, அதற்கு மேல் நகர முடியாமல் ஆயிரக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தன.

நம் ஊர் மாடுகளுக்கு வருவோம். உத்தரப் பிரதேசத்தில் 'சுட்டா ஜான்வர்' என்றால் அவிழ்த்துவிடப்பட்ட கால்நடை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் அந்த மாநிலத்தில் மட்டும் சுமார் 11.8 லட்சம். கறவை நின்ற பசுவை விற்கவும் முடியாது, வைத்துத் தீனி போடவும் முடியாது, அவிழ்த்துவிடுவார்கள். புந்தேல்கண்டில் ரபி அறுவடை முடிந்ததும் மாடுகளை மேயவிடும் 'அன்னா பிரதா' பழைய வழக்கம். அறுவடைக்குப் பின் என்றிருந்தது ஆண்டு முழுவதும் என்றாகிவிட்டது. கோதுமை வயலுக்கு நடுவே பரண் கட்டி, டிசம்பர் குளிரில் டார்ச்சும் கம்புமாக இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள் விவசாயிகள். 2022 சட்டமன்றத் தேர்தலில் மாடு, எல்லாக் கட்சி மேடைகளிலும் ஏறியது.

வசதியுள்ளவர் ஒன்பது கம்பி வேலி போடுவார். இல்லாதவர் நாலு கம்பி இழுத்து, குறுக்குக் கம்பியே இல்லாமல் விடுவார். மாடு நுழைந்துவிடும். அடுத்த வருஷம் அவர் வாங்குவது பிளேடு கம்பி. இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. முள்கம்பி குத்தும், மாடு பின்வாங்கும். பிளேடு கம்பி அறுக்கும். மாடு திமிறத் திமிற ஆழமாக அறுக்கும். புண்ணில் புழு வைத்து, நாலு நாள் நின்று, பிறகு படுத்துவிடும். குறுக்குக் கம்பிக்கும் கட்டுக்கம்பிக்கும் கூலிக்கும் ஆகும் கூடுதல் செலவைச் சேமித்ததன் பலன் இது. செலவுக்கு வழியில்லாதவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலிக்கு மானியம் தரும் அரசுகள் மீட்டரை மட்டும் பார்த்துக் காசு தருவதைக் குறை சொல்லலாம்.

மின்வேலியின் இலக்கணம் இதற்கு நேர் தலைகீழ். அங்கே கம்பிகள் குறுக்கே தொடவே கூடாது. உயிருள்ள கம்பி மண்ணோடு சேர்ந்த கம்பியை ஓரிடத்தில் தொட்டால் வேலி முழுவதும் செத்துவிடும். முறையான சோலார் வேலியில் நொடிக்கு ஒரு முறை போல மின்துடிப்பு வந்து போகும். அதிர்ச்சி உண்டு, மரணம் இல்லை. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொக்கி போட்டு மாட்டுவது வேலியல்ல, கொலை. இந்தியாவில் இயற்கைக்கு மாறான யானைச் சாவுகளில் முதலிடம் மின்சாரத்துக்குத்தான். இரவில் நீர் பாய்ச்சப் போய் அந்தக் கம்பியை மிதித்த மனிதர்களும் குறைவில்லை.

நாட்டின் மிகப் பெரிய வேலிக்காரர் அரசாங்கம். பழைய பழக்கம். உப்பு வரிக்காக வெள்ளைக்காரர்கள் இந்தியாவின் குறுக்கே சுங்கக் கோடு ஒன்றை நிறுத்தி, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு இலந்தை, கருவேலம், சப்பாத்திக் கள்ளி என்று உயிர்வேலி வளர்த்தார்கள். காவலுக்குச் சுமார் 12 ஆயிரம் பேர். அதை வளர்த்ததில் பெரும்பங்கு ஆலன் ஆக்டேவியன் ஹியூமுக்கு; பின்னாளில் காங்கிரஸை நிறுவிய அதே ஹியூம்தான். 1879 ஏப்ரல் 1 அன்று கோடு கைவிடப்பட்டது. செடிக்கு முடிச்சுத் தேவையில்லை. தண்ணீர்தான் தேவைப்பட்டது.

இன்றைய எல்லை வேலிகளில் முடிச்சுக்குப் பஞ்சமில்லை. பஞ்சாப் எல்லையில் 1988இல் தொடங்கி 1993 வாக்கில் முடித்த வேலி, பாதுகாப்புக்குத் தேவை என்பதில் சந்தேகமில்லை. பயங்கரவாதம் உச்சத்தில் இருந்த காலம். ஆனால் வேலி எல்லைக் கோட்டில் இல்லை, உள்ளே தள்ளி நிற்கிறது. அதற்கு அப்பால் இந்திய விவசாயிகளின் நிலம் 20 ஆயிரம் ஏக்கருக்கு மேல். அடையாள அட்டையைக் காட்டி, எல்லைப் பாதுகாப்புப் படை கதவைத் திறக்கும் நேரத்தில் போய், மூடும் நேரத்துக்குள் திரும்ப வேண்டும். உயரமாக வளரும் பயிர் கூடாது. இரவில் தண்ணீர் பாய்ச்ச முடியாது. 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பிறகு பதற்றம் ஏறியபோது, வேலிக்கு அப்பால் நின்ற கோதுமையை இரண்டே நாளில் அறுத்து முடிக்கச் சொன்னார்கள்.

கிழக்கே நிலைமை இன்னும் சிக்கல். வங்கதேசத்தோடு 4,096 கிலோமீட்டர் எல்லை. எல்லையிலிருந்து 150 கஜத்துக்குள் தற்காப்பு அமைப்பு எதுவும் கூடாது என்கின்றன 1975இல் ஒப்புக்கொண்ட நெறிமுறைகள். வேலி 150 கஜம் உள்ளே வந்தது. சில இடங்களில் வீடுகளே வெளியே நின்றுவிட்டன. குழந்தை பள்ளிக்கூடம் போகவும், பிரசவ வலி வந்தவள் ஆஸ்பத்திரி போகவும் கதவு திறக்க வேண்டும். 2011 ஜனவரி 7 அன்று கூச் பிகார் எல்லையில் வேலியைத் தாண்ட முயன்று, உடை கம்பியில் சிக்கி, சுடப்பட்ட 15 வயது வங்கதேசச் சிறுமியின் உடல் மணிக்கணக்கில் முள்கம்பியில் தொங்கியது. அந்தப் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2025 ஜனவரியில் மால்டா மாவட்டத்தில் வேலி வேலை நடந்தபோது வங்கதேசப் படை ஆட்சேபித்து வேலை நின்றது. தகராறு வழக்கம்போல அந்த 150 கஜம் பற்றித்தான்.

வயல் வேலியோ எல்லை வேலியோ, அறிக்கையில் வருவது கிலோமீட்டர். எத்தனை கதவு, எத்தனை மணி நேரம் திறந்திருக்கும் என்பது வருவதில்லை. முடிச்சு அதைவிடவும் கீழே. குறைந்தபட்சம் வயல் வேலிக்காவது ஒன்று செய்யலாம். மானியத்தின் கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு, ஏதாவது பத்துத் தூண் இடைவெளிகளில் முடிச்சுகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் தரலாம். 13 இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தால் காசைப் பிடிக்கலாம். முடிச்சுப் போடுபவருக்கு முடிச்சுக் கணக்கில் கூலி எழுதலாம். கையுறையும் அதே பில்லில் வரட்டும். இழுத்துக் கட்டிய முள்கம்பி அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பும், அது முதலில் தேடுவது கண்ணை. முறுக்கி முடித்த கட்டுக்கம்பியின் வாலைக் குறட்டால் தட்டி உள்பக்கமாக மடக்கிவிட வேண்டும் என்பதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். வேலியை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள்.