ஆன்லைன் வகுப்பில் கோல்ஃப் ஸ்விங் திருந்துமா? பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி!

கோல்ஃப் பந்தின் எடை 46 கிராமைக்கூடத் தொடாது. அது பாட்டுக்குத் தரையில் அசையாமல் கிடக்கிறது. கிரிக்கெட்டைப்போல யாரும் அதை நம்மை நோக்கி வீசுவதில்லை. கால்பந்தைப்போல யாரும் குறுக்கே ஓடிவந்து பறிப்பதும் இல்லை. ஆனாலும், புதிதாக கோல்ஃப் ஆடத் தொடங்கிய யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான்... ‘நேரா அடிச்சா வலது பக்கமா வளைஞ்சு புதருக்குள்ள போயிடுது!’

அடுத்து என்ன நடக்கும்? இரவு சாப்பாடு முடிந்ததும் போனைத் திறப்பார்கள். முதல் வீடியோ ‘முழங்கையை உடம்போடு ஒட்டி வையுங்கள்’ என்கிறது. இரண்டாவது வீடியோ ‘இடுப்பை முதலில் திருப்புங்கள்’ என்கிறது. மூன்றாவது, ‘எல்லாப் பிரச்னையும் பிடியில்தான்’ என்று அடித்துச் சொல்கிறது. மூன்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு மறுநாள் காலை மைதானத்துக்குப் போனால், முந்தின நாளைவிட மோசமாகப் பறக்கிறது பந்து.

அப்படியானால் ஆன்லைன் பாடங்களே வீணா? அப்படிச் சொல்லிவிட முடியாது. சென்னையில் நந்தனம், வெளியே கோவை, ஊட்டி, கொடைக்கானல் என்று தமிழ்நாட்டில் கோல்ஃப் மைதானம் இருக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நல்ல பயிற்சியாளர் அதைவிட அரிது. அலுவலக நண்பர்களோடு 40 வயதில் மட்டையைத் தொட்டவருக்கும், ஒலிம்பிக்கில் அதிதி அசோக் ஆடியதைப் பார்த்து ஆசைப்பட்ட பள்ளி மாணவிக்கும், பெரும்பாலும் கையில் இருக்கும் போன்தான் முதல் வாத்தியார். அந்த வாத்தியாரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் கேள்வி.

ஒருவர் மருந்து, இன்னொருவர் நோய்

நேரில் பார்க்காமல் கோல்ஃப் கற்றுக்கொடுப்பது இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் பென் ஹோகன், 9 மேஜர் பட்டங்களை வென்ற ஜாம்பவான். ஸ்விங் பற்றி ஒரு பத்திரிகையில் படங்களோடு அவர் எழுதிய பாடங்கள் 1957-ல் ‘ஃபைவ் லெசன்ஸ்’ என்ற புத்தகமாக வந்தன. இன்றுவரை உலகம் முழுக்க வாசிக்கப்படும் புத்தகம் அது.

ஆனால், அதில் ஒரு சிக்கல் இருப்பதாகப் பல பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு. ஹோகனை வருடக்கணக்கில் வாட்டியது ‘ஹூக்’. அதாவது, வலது கைக்காரர் அடிக்கும் பந்து இடது பக்கமாக வளைந்துவிடுவது. அதைக் கட்டுப்படுத்தத்தான் அவர் தன் பிடியை மாற்றினார். வார இறுதியில் மட்டும் ஆடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பதோ நேர் எதிரான ‘ஸ்லைஸ்’, பந்து வலது பக்கம் வளைவது. இவர்கள் ஹோகனின் பிடியை அப்படியே காப்பியடித்தால் என்ன ஆகும்? சர்க்கரை ஏறியவருக்குக் கொடுத்த மாத்திரையை, சர்க்கரை இறங்கியவர் விழுங்கிய கதைதான்!

ஹோகன் சொன்னதில் தவறில்லை. புத்தகத்தால் தன்னை வாசிப்பவரின் ஸ்விங்கைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். இன்றைய யூடியூப் வீடியோவுக்கும் இதே குறைதான். அது பேசும், பார்க்காது.

ஒரே ஸ்லைஸ், மூன்று காரணங்கள்

மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம், ஒரு விநாடியில் சுமார் 2,000-ல் ஒரு பங்கு. அந்த நொடிப்பொழுதில் மட்டையின் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தத் திசையில்தான் பந்து கிளம்பும். மட்டை போகும் பாதைக்கும் முகம் பார்க்கும் திசைக்கும் இடைவெளி இருந்தால் பந்து வளையும். பாதையோடு ஒப்பிடும்போது முகம் வலது பக்கம் திறந்திருந்தால் ஸ்லைஸ். விஷயம் இவ்வளவுதான்.

ஆனால், அந்த முகம் ஏன் திறந்தது? ஒருவர் மட்டையைப் பிடித்த விதமே தவறாக இருக்கலாம். இன்னொருவர் பிடி சரி, ஆனால் தோள் அவசரப்பட்டு முன்னால் வந்து, மட்டையை வெளியிலிருந்து உள்ளே வெட்டி இழுத்திருக்கலாம். மூன்றாமவருக்கு இரண்டுமே சரி. பந்து மட்டையின் நடுவில் படாமல், பிடிக்கு அருகே இருக்கும் குதிகால் பகுதியில் பட்டிருக்கலாம். டிரைவர் மட்டையில் அப்படிப் பட்டாலே பந்து வலப்பக்கம் சுழலத் தொடங்கிவிடும்.

மூன்று பேரின் பந்தும் ஒரே புதருக்குள்தான் விழும். ஆனால், மூன்று பேருக்கும் மூன்று வைத்தியம். ‘ஸ்லைஸை நிறுத்துவது எப்படி’ என்ற ஒரே வீடியோவைப் பார்த்தால், ஒருவருக்குக் குணமாகும். மற்ற இருவருக்கும் புதுப் பிரச்னை தொடங்கும்.

யூடியூபில் படித்து உலக சாம்பியன்!

‘வீடியோ பார்த்துக் கற்றவர்கள் ஜெயித்ததே இல்லையா?’ என்று கேட்கலாம். ஜெயித்திருக்கிறார்கள். ஈட்டி எறிதலில் கென்யாவின் ஜூலியஸ் யேகோவுக்குப் பட்டப்பெயரே ‘மிஸ்டர் யூடியூப்’. ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர்போன அவர் நாட்டில் ஈட்டி எறியச் சொல்லித்தர ஆள் இல்லை. யான் ஜெலஸ்னி போன்ற ஜாம்பவான்களின் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தே கற்றுக்கொண்டார். 2015 பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப்பில் 92.72 மீட்டர் எறிந்து தங்கம், 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி.

இந்தக் கதையில் பலரும் சொல்லாமல் விடும் ஒரு பக்கம் உண்டு. வீடியோவில் கற்று ஓரளவு உயர்ந்த பிறகு, யேகோ ஃபின்லாந்துக்குப் போய் ஒரு பயிற்சியாளரிடம் பயிற்சி எடுத்தார். உலகத் தங்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. மேலும், ஈட்டி எறிகிறவருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வோர் எறிதலுக்கும் டேப் வைத்து அளந்து ‘இத்தனை மீட்டர்’ என்று உடனே மார்க் போட்டுவிடலாம்.

கோல்ஃபிலும் முறையான வகுப்பே இல்லாமல் வளர்ந்த பப்பா வாட்சன், 2012, 2014 என இரண்டு முறை மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். சிறு வயதில் துளைகள் கொண்ட பிளாஸ்டிக் பந்தை வீட்டைச் சுற்றிச் சுற்றி அடித்துப் பழகியவர் அவர். பந்து எப்படி வளைந்தது என்பதே அவருக்கு வாத்தியார். இன்னொரு பக்கம், 18 மேஜர் பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லஸ், உச்சத்தில் இருந்தபோதும் சிறு வயதில் தனக்குக் கற்றுக்கொடுத்த ஜாக் கிரவுட்டிடம் வருடா வருடம் போய், அடிப்படையிலிருந்து தொடங்குவார்.

மூன்று பேருக்கும் வழி வேறு. ஆனால், ‘நீ இப்போது செய்தது இது’ என்று உடனுக்குடன் காட்ட ஏதோ ஒன்று மூவரிடமும் இருந்தது. டேப், பந்து, குருவின் கண். ஆன்லைன் வகுப்பிலும் தேட வேண்டியது அதைத்தான்.

போனில் எது திருந்தும்?

மட்டையைப் பிடிக்கும் விதம், நிற்கும் நிலை, கால்களுக்கு நடுவே பந்து இருக்கும் இடம், குறி பார்த்து நிற்பது... இவையெல்லாம் ஸ்விங் தொடங்கும் முன்பே முடிந்துவிடும் வேலைகள். கண்ணாடி முன் நின்று, வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்த்தே பெருமளவு திருத்திக்கொள்ளலாம்.

பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் ‘பட்டிங்’குக்கும் ஆன்லைன் பாடம் நன்றாகவே உதவும். வீட்டுக் கார்ப்பெட்டிலேயே பழகலாம். 72 பார் மைதானத்தில், குழிக்கு 2 வீதம் 18 குழிகளுக்கு 36 அடிகள் பட்டிங்குக்கு என்பதுதான் கணக்கு. பாதி ஆட்டம் அங்கேதான் இருக்கிறது!

முழு ஸ்விங் அப்படியல்ல. மேலே போன மட்டை கீழே இறங்கிப் பந்தைத் தொட கால் விநாடிதான் ஆகும். அதற்குள் ‘முழங்கை, இடுப்பு, மணிக்கட்டு’ என்று யோசிக்க நேரமே இல்லை. 1999-ல் கேப்ரியல் வுல்ஃபும் சக ஆய்வாளர்களும் புதிதாக கோல்ஃப் கற்பவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். கைகளின் அசைவைக் கவனித்தவர்களைவிட, மட்டையின் அசைவைக் கவனித்தவர்கள் இலக்குக்கு அருகில் அடித்தார்கள். உடல் உறுப்புகளின் பட்டியலாகவே ஓடும் வீடியோ பாடங்கள் பலருக்கு ஏன் உதவுவதில்லை என்பதற்கு இதில் விடை இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் போதும். அதுவும் மட்டை, பந்து, இலக்கு பற்றியதாக இருந்தால் நல்லது.

வீடியோ எடுப்பதே பாதிப் பாடம்

நீங்கள் ஸ்விங்கைப் படம்பிடித்து அனுப்ப, பயிற்சியாளர் அதில் கோடு போட்டு, பேசித் திருப்பி அனுப்பும் வகுப்புகள் இப்போது நிறைய வந்துவிட்டன. பார்க்கும் வீடியோவைவிட, அனுப்பும் வீடியோவுக்குத்தான் பலன் அதிகம். ஆனால், அதை ஒழுங்காக எடுக்க வேண்டும்.

* போனை யார் கையிலும் கொடுக்க வேண்டாம். ஸ்டாண்டில், உங்கள் கைகள் இருக்கும் உயரத்துக்கு வையுங்கள்.

* இரண்டு கோணங்கள் தேவை. ஒன்று, நேர் எதிரிலிருந்து. இன்னொன்று, உங்கள் பின்னாலிருந்து இலக்கைப் பார்க்கும்படி, கைகளுக்கு நேர்கோட்டில். போன் சற்றுத் தள்ளிப்போனாலும் சரியான ஸ்விங் தவறாகவும், தவறானது சரியாகவும் தெரியும்.

* ஸ்லோமோஷனில், நல்ல வெயில் வெளிச்சத்தில் எடுங்கள். விநாடிக்கு 240 ஃப்ரேம் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

* நன்றாக அடித்ததை மட்டும் அனுப்பாதீர்கள். டாக்டர் முன்னால் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கு நஷ்டம்? நல்லது ஒன்று, மோசமானது இரண்டு என அனுப்புங்கள். பந்து எங்கே போனது என்பதையும் எழுதுங்கள்.

மட்டையில் பந்து எங்கே படுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி உண்டு. ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் ஒரு பெரிய புள்ளி வையுங்கள். புள்ளி மட்டையைப் பார்த்தபடி பந்தை வைத்து அடியுங்கள். மை ஒட்டிய இடம்தான் பந்து பட்ட இடம். செலவு ஒரு மார்க்கர் பேனா மட்டும்.

முதுகு ஜாக்கிரதை

பொழுதுபோக்காக கோல்ஃப் ஆடுகிறவர்களை அதிகம் படுத்தும் இடங்களில் முதலில் நிற்பது கீழ்முதுகு. டைகர் உட்ஸே பல முதுகு அறுவை சிகிச்சைகளைத் தாண்டித்தான் 2019 மாஸ்டர்ஸை வென்றார். 25 வயது தொழில்முறை வீரரின் இடுப்புத் திருப்பத்தை, எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்த 45 வயது உடம்பு அப்படியே செய்ய முயன்றால் முதுகு சும்மா இருக்காது. திரையில் இருப்பவருக்கு உங்கள் முதுகு பற்றித் தெரியாது. பயிற்சியாளரிடம் வயது, பழைய வலி, அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலி வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ‘இன்னும் பத்துப் பந்து’ வேண்டாம்.

20 பந்துப் பரீட்சை

ஆன்லைன் பாடம் பலன் தருகிறதா என்பதை ‘இப்போ பரவாயில்லை மாதிரி இருக்கு’ என்ற நினைப்பை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். வகுப்பில் சேரும் முன், ஒரே மட்டையால் 20 பந்துகளை அடியுங்கள். எது எந்தத் திசையில் கிளம்பியது, எந்தப் பக்கம் வளைந்தது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வாரம் கழித்து, அதே மட்டையால், அதே இடத்தில் மீண்டும் 20 பந்துகள். எண்ணிக்கை மாறியிருந்தால் தொடருங்கள். மாறவே இல்லை என்றால், அந்தப் பாடம் உங்களுக்கானதல்ல. புதுப் பழக்கம் படியும்வரை முதல் ஒன்றிரண்டு வாரம் ஆட்டம் கொஞ்சம் கெடலாம். அதற்குள் பயந்து வேறு வீடியோவுக்குத் தாவாதீர்கள்.

முடிந்தால், முதல் ஒன்றிரண்டு வகுப்புகளை மட்டும் நேரில் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊருக்குப் பயணம் போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. பிடியையும் நிற்கும் நிலையையும் ஒருவர் தொட்டுத் திருத்திவிட்டால், அதன்பிறகு ஆன்லைனில் தொடர்வது எளிது. அதற்கு வழியே இல்லாதவர்கள் வீடியோ அனுப்பித் திருத்திக்கொள்ளும் வகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம். இலவச வீடியோக்களைப் பொதுவான விஷயங்களைத் தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகுப்பாக இருந்தாலும் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ‘என் ஸ்விங்கை நீங்கள் பார்ப்பீர்களா?’ ‘ஆமாம், இத்தனை நாளுக்கு ஒரு முறை பார்த்துப் பதில் சொல்வோம்’ என்றால் தாராளமாகச் சேருங்கள். ‘எங்களிடம் 200 வீடியோ இருக்கிறது’ என்று பதில் வந்தால், பர்ஸை மூடிவிட்டு அந்தப் பணத்தில் டிரைவிங் ரேஞ்சில் இரண்டு கூடை பந்து வாங்கி அடியுங்கள்!