விழிஞ்ஞம் துறைமுகத்தின் பலன் கரமனைக்கு வருமா?

திருவனந்தபுரம்: 20 அடிப் பெட்டகங்கள் 24,346 ஏற்றும் திறன் கொண்ட எம்.எஸ்.சி. ஐரினா கப்பல், 2025 ஜூன் மாதம் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வந்தது. உலகின் மிகப்பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல் தன் கரையை அடைந்ததைக் கேரளம் பெருமையுடன் கொண்டாடியது. பெருமைக்குக் காரணம் உண்டு. ஆனால், விழிஞ்ஞத்தில் இறங்கும் பெட்டகங்கள் நகருக்குள் வருவதற்காக இறங்குபவை அல்ல. வேறு கப்பல்களில் ஏறி வேறு துறைமுகங்களுக்குச் செல்வதற்காக இறங்குபவை. துறைமுகத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள கரமனையிலும், அதற்கு அப்பால் கிள்ளிப்பாலம் முதல் கிழக்கேகோட்டை வரை நீளும் சாலை பஜாரிலும், அந்தக் கப்பலின் வருகையால் வியாபாரம் கூடவில்லை.

சுற்றுலாவையும் அரசு ஊழியர்களின் சம்பளத்தையும் நம்பி வாழ்ந்த கடற்கரைத் தலைநகரம், புதிய வருவாய் வழிகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. வழிகள் கிடைக்கவும் செய்கின்றன. ஆனால் அவை அனைத்தும் நகரின் விளிம்பில் கிடைக்கின்றன. மையத்துக்கு வந்து சேருவதில்லை. இதுவே இப்போதைய சிக்கல்.

பருவத்தை நம்பிய கடற்கரை

கோவளம் உலகச் சுற்றுலா வரைபடத்தில் இடம்பெற்றது 1970-களில். கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த கடற்கரை விடுதியும், அதே காலத்தில் வந்த வெளிநாட்டு இளைஞர் கூட்டமும் அந்த மீனவக் கிராமத்தை மாற்றின. விடுதி, ஆயுர்வேத நிலையம், வாடகைக் கார், தையற்கடை, கைவினைப் பொருள் கடை என்று ஒரு பொருளாதாரமே அதைச் சுற்றி எழுந்தது. அது பருவத்துக்குக் கட்டுப்பட்டது. நவம்பர் முதல் மார்ச் வரை கூட்டம். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கடற்கரை வெறிச்சோடும். 2020-ல் கொரோனா பெருந்தொற்று வந்தபோது அந்தக் கூட்டமும் முற்றாக நின்றது. ஒரே தொழிலை நம்பிய குடும்பங்களின் நிலை என்ன என்பதை அந்த ஆண்டு காட்டியது.

கடலும் நிலையாக நிற்கவில்லை. சங்குமுகத்தில் கடலரிப்பு கடற்கரையை மட்டுமல்லாமல் அதை ஒட்டிய சாலையையும் தின்றது. மணற்பரப்பே முதலீடாக இருக்கும் ஒரு தொழிலுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவையில்லை.

நகரைச் சுற்றி ஒரு புதிய வளையம்

சுற்றுலாவுக்கு மாற்றைத் தேடும் முயற்சி இங்கு புதிதல்ல. நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990-ல் கழக்கூட்டத்தில் உருவானது. தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏவப்பட்டதிலிருந்து விண்வெளித் துறையும் நகரின் அடையாளங்களுள் ஒன்று. லூலு வணிக வளாகம் 2021 டிசம்பரில் ஆக்குளத்தில் திறக்கப்பட்டது. இப்போது விழிஞ்ஞம். வரைபடத்தில் இவற்றைக் குறித்துப் பார்த்தால், எல்லாம் கடலோரமும் கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலையும் சேர்ந்த ஒரு பட்டையில் விழுகின்றன. புதிதாகச் சம்பாதிக்கப்படும் பணம் அந்தப் பட்டையிலேயே வீடு வாங்குகிறது, அங்கேயே செலவாகிறது.

பழைய நகரத்துக்குப் புறவழிச்சாலை ஓர் ஆறுதல்தான். கனரக லாரிகள் குறைந்தன. ஆனால் நாகர்கோவிலிலிருந்து வரும் பயணி கரமனையைப் பார்க்காமலேயே டெக்னோபார்க்கை அடைந்துவிட முடிகிறது.

கரமனையைத் தமிழ் வாசகர்களுக்கு அதிகம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆற்றங்கரை அக்ரகாரமும் தமிழ் பேசும் குடும்பங்களும் கொண்ட பகுதி. குமரி மாவட்டத்திலிருந்து தலைநகருக்குள் நுழையும் பழைய வாசல். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சாலை பஜாருக்குத் தமிழகத்துக் காய்கறியும் தோவாளைப் பூவும் இந்த வாசல் வழியாகவே வந்தன. பஜாரின் கடைகளில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது.

அதே ராஜா கேசவதாஸ்தான் ஆலப்புழையையும் துறைமுக நகரமாக வளர்த்தவர். கயிறும் மிளகும் ஏற்றுமதியான அந்த நகரம், 20-ஆம் நூற்றாண்டில் கொச்சித் துறைமுகம் எழுந்ததும் கப்பல்களை இழந்தது; இன்று படகு வீடுகளை நம்பி நிற்கிறது. வணிகத்தை இழந்த நகரம் சுற்றுலாவில் ஒதுங்கிய கதை அது. திருவனந்தபுரம் எதிர்த்திசையில் நடக்க விரும்புகிறது. அதற்குத் துறைமுகம் மட்டும் போதுமா?

கொழும்பு சொல்லும் செய்தி

இந்தியாவுக்கான மாற்றுக் கப்பல் சரக்கில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கொழும்பு, சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களில் கையாளப்பட்டு வந்தது. அதை மீட்பதே விழிஞ்ஞத்தின் நோக்கம். 18 மீட்டருக்கும் மேற்பட்ட இயற்கை ஆழமும், பன்னாட்டுக் கப்பல் பாதைக்கு மிக அருகில் இருப்பதும் அதன் பலம். 2015 ஆகஸ்டில் அதானி நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாடு தொடங்கியது. 2025 மே 2 அன்று பிரதமர் நரேந்திர மோடி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

கொழும்பை ஒப்பிடுவோர் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அங்கே துறைமுக வாயிலுக்கு எதிரிலேயே புறக்கோட்டைக் கடைத்தெரு இருக்கிறது. ஆனால் அந்தக் கடைத்தெருவை வாழவைப்பது கப்பல் மாற்றிச் செல்லும் பெட்டகங்கள் அல்ல. இலங்கை மக்களுக்காக அங்கே இறங்கும் சரக்கு. மொத்த வியாபாரி, கிடங்குக்காரர், சுங்க முகவர், சுமை தூக்குபவர், லாரி உரிமையாளர் என்று பல கைகள் மாறுவது அந்தச் சரக்குதான். கப்பலிலிருந்து கப்பலுக்குச் செல்லும் பெட்டகம் முனைய இயக்குநருக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் வருவாய் தரும். ஊருக்குத் தருவது குறைவு.

அரசுக்கும் வருவாய் உடனே வரப்போவதில்லை. 2024 நவம்பரில் கையெழுத்தான துணை ஒப்பந்தத்தின்படி, துறைமுக வருவாயில் மாநிலத்தின் பங்கு 2034 முதல் கிடைக்கும். முந்தைய ஒப்பந்தத்தில் அது 2039 என்றிருந்தது. ஐந்து ஆண்டு முன்னேற்றம் நல்லதே. எனினும், இடைப்பட்ட காலத்தில் நகரம் பயன்பெற வேண்டுமானால் இறக்குமதி, ஏற்றுமதிச் சரக்கு சாலை வழியாகவும் ரயில் வழியாகவும் வெளியே வர வேண்டும்.

விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் மறக்க முடியாது. கடலரிப்பால் வீடிழந்த மீனவர்களின் மறுவாழ்வு கோரி, லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையில் 2022-ல் நான்கு மாதங்களுக்கு மேல் போராட்டம் நடந்தது. 2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 பெட்டகங்களுடன் மூழ்கியது. பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கடற்கரை வரை ஒதுங்கின. மீன்பிடிப்பும் சுற்றுலாவும் ஒரே விபத்தில் அடிபட்டன. ஒரு தொழிலோடு மற்றொன்றைச் சேர்ப்பது ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழி என்பார்கள்; மூன்று தொழில்களும் ஒரே கடலில் இருந்தால் அந்தக் கணக்கு அவ்வளவு எளிதல்ல. கடலை நேரடியாகச் சாராத மையப்பகுதியின் வணிகம் அதனாலும் முக்கியமாகிறது.

காகிதத்தில் கரமனை

மையப்பகுதிக்குத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2014-ல் முன்மொழியப்பட்ட இலகு மெட்ரோ, பள்ளிப்புறத்தில் உள்ள டெக்னோசிட்டியிலிருந்து கரமனை வரை ஏறக்குறைய 22 கிலோமீட்டர் ஓடுவதாக இருந்தது. கரமனையே கடைசி நிலையம். அது நிறைவேறியிருந்தால், மென்பொருள் நிறுவனங்களின் ஊழியர்கள் மாலையில் சாலை பஜாரைத் தாண்டிச் சென்றிருப்பார்கள். 2018-ல் டெல்லி மெட்ரோ நிறுவனம் விலகியதுடன் அந்தத் திட்டம் தேங்கியது. 2025 நவம்பரில் மாநில அரசு புதிய பாதைக்கு ஒப்புதல் அளித்தது: பாப்பனங்கோடு, கிள்ளிப்பாலம், பாளையம், கழக்கூட்டம், விமான நிலையம் வழியாக ஈஞ்சக்கல் வரை 31 கிலோமீட்டர், 27 நிலையங்கள். பதினொரு ஆண்டுகளில் பாதை நீண்டிருக்கிறது. தூண் ஒன்றும் எழவில்லை.

கரமனை–களியக்காவிளை சாலையின் கதையும் இதற்கு நெருக்கமானது. முதலில் கரமனையிலிருந்து பிராவச்சம்பலம் வரையிலும், பின்னர் கொடிநடை வரையிலும் நான்கு வழிச்சாலை வந்தது. அதற்கு அடுத்த பாலராமபுரம் சந்திப்பு பல ஆண்டுகளாக நெரிசலுக்குப் பெயர்போனது. சாலை அகலமானால் வாகனம் வேகமாகப் போகும் என்பது உறுதி. அது நிற்குமா, நின்று பொருள் வாங்குமா என்பது வேறு கேள்வி. வாகனம் நிறுத்த இடமும், இரவில் சரக்கு இறக்கும் ஏற்பாடும், தீயணைப்பு வண்டி நுழையும் சந்துகளும் இல்லாத கடைத்தெருவை, முகப்புக்கு வண்ணம் பூசி மீட்டுவிட முடியாது.

மையப்பகுதியைச் சீர்செய்வது சுற்றுலாவுக்கும் செய்யும் உதவி. கிள்ளியாறு கரமனையாற்றில் கலக்கிறது. கரமனையாறு திருவல்லத்துக்கு அருகே, கோவளத்துக்கு வடக்கே கடலில் சேர்கிறது. நகரம் ஆற்றில் விடும் கழிவு, கோவளத்தின் அண்டைக் கடலுக்கே போகிறது.

2025 டிசம்பர் மாநகராட்சித் தேர்தலில் 101 வார்டுகளில் 50-ஐ வென்ற பாரதிய ஜனதா, மேயர் பதவியைக் கைப்பற்றியது. இடதுசாரிகளின் நீண்ட கால ஆட்சிக்குப் பின் வந்திருக்கும் இந்த மாற்றத்தை, துறைமுக நகரம் என்ற கனவோடு இணைத்துப் பேசுவோர் பலர். மாநகராட்சியிடம் துறைமுகமும் இல்லை, ரயிலும் இல்லை. ஆனால் வடிகால், சந்தை, கடை உரிமம், வாகன நிறுத்தம் ஆகியவை அதன் கையில்தான் இருக்கின்றன.

அவகாசம் அதிகமில்லை. விழிஞ்ஞத்திலிருந்து பாலராமபுரம் வரையிலான 10.7 கிலோமீட்டர் ரயில் பாதையை, பெரும்பகுதி சுரங்கமாக, 2028 டிசம்பருக்குள் முடிக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. துறைமுகத்தின் அடுத்த கட்டங்களும் அதே ஆண்டில் நிறைவடைய வேண்டும். ஆண்டுக்கு 30 லட்சம் பெட்டகங்கள் என்பது இலக்கு. சுரங்கத்தைவிட்டு வெளியேறும் சரக்கு ரயில், தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய நெசவாளர்களின் ஊரான பாலராமபுரத்தில்தான் முதலில் நிற்கும். அங்கிருந்து வடக்கே நேமம் ரயில் நிலையமும், அதை அடுத்துப் பாப்பனங்கோடும் கரமனையும். அந்தப் பெட்டகங்களைப் பிரித்து அடுக்கும் கிடங்குகளும் சுங்க அலுவலகமும் இந்த வழித்தடத்தில் அமையுமா, புறவழிச்சாலையோரம் போய்விடுமா என்பதை நிலப் பயன்பாட்டுத் திட்டம் தீர்மானிக்கும். ரயில் வந்த பிறகு நிலம் தேடினால், இங்கே மிஞ்சியிருப்பது விலை ஏறிய மனைகளாக மட்டுமே இருக்கும்.