ஐந்து குமருக்கு ஐந்து வீடு

தோழிகளே, இந்த மாதம் நாடகக் கதைதான். "எந்நேரமும் ரீவிக்கு முன்னாலதான்" என்று ஏசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

சன் ரீவியில் 2002 முதல் 2005 வரை போன 'மெட்டி ஒலி'யை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். திருமுருகன் இயக்கியது. சிதம்பரம் என்ற தகப்பனுக்கு ஐந்து பெண்பிள்ளைகள். மகள் சரோவை மாமியார் படுத்திய பாட்டுக்கு மாவடிப்பள்ளியில் இருந்து விழுந்த ஏச்சு கொஞ்சமா? சாந்தி வில்லியம்ஸ் அந்த மாமியாராகவே மாறியிருந்தார். எங்கள் உம்மம்மா மட்டும் கண்ணீர் விடவில்லை. "அஞ்சு குமரையும் கட்டிக் குடுக்கப் பாக்கான். ஒரு வீடாவது கட்டினானா இவன்?" என்று கேட்டா.

சரியான கேள்வி. இந்திய நாடகங்களில் கலியாணம் முடிந்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போகிறாள். வாசலில் நிற்க வைத்து ஆலாத்தி எடுப்பார்கள், அதோடு அழுகை தொடங்கும். நம்ம கரையில், சம்மாந்துறையோ சாய்ந்தமருதோ நிந்தவூரோ, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். வீடும் வளவும் மகளுக்கென்று கொடுக்கப்படும். மாமியாரின் அடுப்படியில் மருமகள் வேகிற கதை நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. நமக்குக் கஷ்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த வீட்டைக் கட்டுவதற்காகவே சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போன உம்மாமார் எத்தனை பேர்! அதை எடுக்க ஒரு நாடகக்காரரும் வரவில்லை.

எனக்குப் பிடித்தவர் இயக்குநர் திருச்செல்வம்தான். 2003 முதல் 2009 வரை போன 'கோலங்க'ளில் தேவயானியின் அபி, புருஷனை விட்டு வந்து கட்டடத் தொழில் செய்தாள். அழுதாள், ஆனால் அடுத்த நாள் வேலைக்குப் போனாள். பிறகு 2022இல் 'எதிர்நீச்சல்' எடுத்தார். அதில் குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் டப்பிங் பேசிக்கொண்டிருந்த நாளிலேயே மாரடைப்பில் இறந்துபோனார். வில்லனுக்காக நாடெல்லாம் கவலைப்பட்டது அப்போதுதான். வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார், நல்ல நடிகர்தான், என்றாலும் அந்த நக்கல் அவருக்கு வரவில்லை.

அந்த நாடகத்தில் என்னைப் பிடித்து வைத்தது அப்பத்தாவின் 40 வீதப் பங்கு. படித்த மருமகள்மார் நாலு பேர் வாய் திறக்க முடியாத வீட்டில், குணசேகரன் பயந்தது அந்தக் கிழவியின் பெயரில் இருந்த சொத்துக்குத்தான். சத்தத்துக்குப் பயப்படாதவன் உறுதிக்குப் பயந்தான்.

இங்கேதான் எனக்கு நம்ம ஊர் ஞாபகம் வந்தது. 2004 சுனாமியில் இந்தக் கரையில் அழிந்த வீடுகளில் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள். திரும்பக் கொடுத்தபோது 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் படிவத்தில் இருந்தது. அதில் புருஷன் பெயர் விழுந்தது. உம்மா தேடிய வீடு, ஒரே எழுத்தில் கைமாறியது. மனைவி மௌத்தாகி, புருஷன் மறுகலியாணம் செய்த இடங்களில் மூத்த தாரத்துப் பிள்ளைகளின் நிலையை யோசித்துப் பாருங்கள். அரச காணிக்கும் இப்படித்தான், பெர்மிட்காரர் யாரையும் நியமிக்காமல் இறந்தால் ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்று காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் சொன்னது. அதைத் திருத்த 2022 ஆகிவிட்டது.

இன்னொன்று. நாடகத்தில் காணாமல் போன புருஷன் நானூறாவது நாளில் தாடியோடு திரும்பி வருவான். அந்தக் காட்சி வந்தால் எங்கள் பக்கத்து வீட்டு ராத்தா எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவா. நாங்களும் சத்தத்தைக் குறைப்போம். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்களுக்கென்று, ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழ் ஒன்று 2016இல் இருந்து சட்டத்தில் உண்டு. ராத்தா அதையும் இன்னும் எடுக்கவில்லை. நான் வற்புறுத்தவுமில்லை.

ஆனால் உறுதி விஷயத்தில் எல்லோரையும் வற்புறுத்துவேன். இடம்பெயர்ந்தபோது தொலைந்திருந்தால், பதிவு செய்த உறுதிக்குக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். கல்முனையில் இருக்கிறது. உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், வருடம், இதில் எது ஞாபகம் இருந்தாலும் எழுதிக்கொண்டு போங்கள். பெர்மிட் காணி என்றால் பிரதேச செயலகம்.

2024 டிசம்பரில் 'எதிர்நீச்ச'லின் இரண்டாம் பாகத்தைத் தொடங்கினார் திருச்செல்வம். அவருக்கு நான் ஒரு கதை சொல்வேன். ஒரு பொம்பிளை, கையில் ஒரு பைல், கிராம சேவகரிடம் இருந்து கந்தோருக்கு, கந்தோரில் இருந்து திரும்பக் கிராம சேவகரிடம். நூறு நாள் தாராளமாக ஓடும். குணசேகரன் கூடத் தேவையில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்து "நாளைக்கு வாங்க" என்று சொன்னால் போதும்.