இட்லிக் கடைக்காரியா குற்றவாளி?

சென்ற மாதம் முதலியார்பேட்டைப் பக்கம் நடந்த ஒரு கிளைக் கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து பேசினார். ரோடியர் மில் என்று நம் ஊரார் சொல்லும் ஏ.எப்.டி. ஆலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். 2020 ஏப்ரலில் ஆலையை இழுத்து மூடிய பிறகு ஒரு துணிக்கடையில் இரவுக் காவலுக்குப் போகிறார். அவர் கேட்டது இது:

"எங்கள் தெருவில் ஒரு பெண் இட்லிக் கடை போட்டிருக்கிறாள். புருஷன் கைவிட்டுவிட்டான் என்று எழுதிக் கொடுத்து மாதாமாதம் சர்க்கார் பென்ஷன் வாங்குகிறாள். அந்த ஆள் வந்து போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடையிலும் நாலு காசு வருகிறது. என் சம்சாரத்துக்கோ, மஞ்சள் அட்டை என்று சொல்லிக் கையை விரிக்கிறார்கள். இது என்ன நியாயம், தோழர்? கட்சி இதைக் கேட்காதா?"

கூட்டத்தில் பலர் தலையை ஆட்டினார்கள். நாம் என்ன பதில் சொன்னோம்? "ஏழையை ஏழை காட்டிக் கொடுக்கலாமா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தோம். வீடு திரும்பும் வழியில்தான் அது பதிலே அல்ல என்று நமக்கு உறைத்தது. உதவித்தொகை பொதுப் பணம். நெசவாளியும் விவசாயக் கூலியும் வாங்கும் தீப்பெட்டியிலிருந்து சோப்பு வரை கட்டுகிற வரியிலிருந்து வருகிற பணம். அது யார் கைக்குப் போகிறது என்று கேட்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. கேள்வி நியாயமானது. ஆகவே மறுநாள் காலை அந்த இட்லிக் கடைக்கே போனோம்.

கடைக்காரியின் கணக்கு

அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை.

"ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு விற்கிறது, அண்ணே. அரிசி, உளுந்து, எண்ணெய், காஸ் எல்லாம் போக நானூறு நிற்கும். அதில் தண்டல்காரர் நூற்றைம்பது வாங்கிக்கொண்டு போவார். மழை பெய்தால் கடை கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கடை கிடையாது. வீட்டு வாடகை மூவாயிரம்."

"உன் வீட்டுக்காரர்?"

"வருவார். மாதத்தில் இரண்டு நாள், குடிக்கக் காசு கேட்டு வருவார். இல்லை என்றால் அடுப்பை எட்டி உதைப்பார். தெருவில் இருக்கிறவர்கள் வருவதைப் பார்க்கிறார்கள். எதற்கு வருகிறார் என்று பார்ப்பதில்லை."

பிறகு நாம் கேட்காமலே ஒன்று சொன்னாள். வருமானச் சர்டிபிகேட்டில் மாதம் இரண்டாயிரம் என்று போட்டிருக்கிறது, அது பொய். அந்தச் சர்டிபிகேட்டுக்காக ஒருவருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தாள். அவர் யார் என்று கேட்டோம். பெயரைச் சொன்னாள். எல்லாக் கட்சி ஊர்வலத்திலும் முன்வரிசையில் நிற்கிற ஆள் அவர். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: நம் ஊர்வலத்திலும் நின்றிருக்கிறார்.

அந்தப் பெண் எழுதிக் கொடுத்தது பொய். அதை மெய் என்று நாம் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தப் பொய்யை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது எது?

ஆலையில் வேலை செய்தபோது நம் தோழருக்குச் சம்பளச் சீட்டு இருந்தது. மாதம் என்ன வருமானம் என்றால் சீட்டை எடுத்து நீட்டுவார். இட்லி விற்பவளுக்கும், மீன் கூடை சுமப்பவளுக்கும், வாடகை ஆட்டோ ஓட்டுகிறவனுக்கும், வீட்டில் தையல் மிஷின் மிதிப்பவளுக்கும் எந்த முதலாளி சீட்டுக் கொடுப்பான்? "சொந்தத் தொழில்" என்று சர்க்கார் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. அடுப்பு மட்டுந்தான் சொந்தம், முதல் தண்டல்காரருடையது. விற்பனைத் தொகையை வருமானம் என்று எழுதினால் அவள் பணக்காரி. எல்லாச் செலவும் போக மிஞ்சுவதை எழுதினால் பரம ஏழை. இரண்டையும் பிரித்துக் கணக்குப் போட அந்த விண்ணப்பத்தில் இடமில்லை. இடமில்லாத இடத்தில் தரகன் நுழைகிறான்.

சட்டத்தில் இல்லாத பெண்

விதிகளைப் பாருங்கள். மத்திய சர்க்காரின் விதவைப் பென்ஷன் 2009-ல் வந்தது. நாற்பது வயது நிறைந்த, வறுமைக் கோட்டுக்குக் கீழேயுள்ள விதவைக்கு மட்டும் என்றார்கள். 2012-ல் மாதம் 300 ரூபாயாக ஆக்கினார்கள். அதன் பிறகு பத்து வருஷங்களுக்கு மேலாக அந்தத் தொகை நகரவே இல்லை. முப்பது வயதில் தாலி இழந்தவள் நாற்பது வயது வரை என்ன சாப்பிடுவாள்? கணவன் உயிரோடு இருந்து கைவிட்டுப் போனவளுக்கு அந்தத் திட்டத்தில் இடமே கிடையாது. அவளுக்கு மாநிலத் திட்டம் ஒன்றுதான் கதி.

புதுச்சேரி சர்க்கார் 2022 ஆகஸ்டில் ஒரு திட்டத்தை அறிவித்து, 2023 ஜனவரியில் தொடங்கியது. சர்க்காரிடம் வேறு எந்த மாதாந்திர உதவியும் பெறாத, 21 முதல் 55 வயது வரையுள்ள ஏழைக் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். 2025 மார்ச் பட்ஜெட்டில் அதை 2,500 ஆக்குவதாக முதலமைச்சர் ரங்கசாமி அறிவித்தார். நல்லதுதான்; நாம் குறை சொல்லவில்லை. ஆனால் "குடும்பத் தலைவி" யார்? ரேஷன் அட்டையில் அப்படிப் போட்டிருந்தால் தலைவி. கைவிடப்பட்ட பெண்ணின் பெயர் பல இடங்களில் இன்னும் புருஷன் வீட்டு அட்டையில்தான் கிடக்கிறது. அதிலிருந்து பெயரை எடுத்தால்தான் தனி அட்டை. பெயரை எடுக்க அவனிடமோ அவன் தாயாரிடமோ போய் நிற்க வேண்டும். அடுப்பை உதைக்கிறவனிடம் அட்டையைக் கேட்டு வாங்கி வா என்பது என்ன விதி?

நிஜமான களவு எங்கே நடக்கிறது?

அப்படியானால் முறைகேடே இல்லையா? இருக்கிறது. மாடி வீட்டில் இரண்டு குடித்தனம் வாடகைக்கு விட்டுச் சிவப்பு அட்டை வைத்திருப்பவனை நம் தெருக்களில் பார்க்கிறோம். அவன் வாங்குவது அந்த இட்லிக் கடைக்காரியின் பங்கு. அதைக் களவு என்றுதான் சொல்ல வேண்டும். அவன் நமக்கு ஓட்டுப் போடுகிறவனாக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

ஆனால் பெரிய களவு தனி ஆளால் நடப்பதில்லை. நமக்கு அண்டையிலுள்ள கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி ஜில்லாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ஆம் வருஷம் பிரதமரின் விவசாயி உதவித் திட்டத்தில், விவசாயிகள் அல்லாத லட்சக்கணக்கானவர்களின் பெயர்கள் பட்டியலில் ஏறியிருப்பது வெளிவந்தது. தமிழ்நாடு முழுவதும் சுமார் 110 கோடி ரூபாய். இந்தப் பெயர்கள் எப்படி ஏறின? அதிகாரிகளின் கடவுச்சொல் தரகர்கள் கைக்குப் போயிருந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது; தரகர்களும் ஒப்பந்த ஊழியர்களும் பிடிபட்டார்கள். ஆனால் பணத்தைத் திரும்ப எடுத்தது யார் கணக்கிலிருந்து? பெயர் கொடுத்த சாதாரண ஜனங்களின் வங்கிக் கணக்கிலிருந்து!

கட்டிடத் தொழிலாளர் நிதியின் கதை இன்னும் மோசம். 1996-ஆம் வருஷச் சட்டப்படி கட்டிடச் செலவில் ஒரு சதவீதம் வசூலித்து அந்தத் தொழிலாளருக்கே செலவிட வேண்டியிருந்தது. தேசம் முழுவதும் வசூலானது 37,400 கோடிக்கு மேல். தொழிலாளருக்குச் செலவானது சுமார் 9,500 கோடி. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிக் கண்டித்தது. அந்த நிதியில் லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கிய செய்தியும் அதே வழக்கில் வெளிவந்தது. சித்தாள் வேலை செய்கிற பெண்ணுக்கு வாஷிங் மெஷினா?

இதற்கும் மேலே போனால், 2014-15 முதல் ஒன்பது வருஷங்களில் வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய் வராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கின என்று 2023 ஆகஸ்டில் மத்திய சர்க்காரே பார்லிமெண்டில் சொன்னது. அதில் பாதிக்கு மேல் பெரிய தொழிலதிபர்களின் கடன். "இது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும்" என்கிறார்கள். இருக்கட்டும். அந்த இட்லிக் கடைக்காரியின் தண்டலை இப்படி ஒரு நாளாவது யாராவது கணக்கிலிருந்து நீக்கி வைத்ததுண்டா?

முறைகேடு என்ற கூச்சல் எங்கே முடிகிறது?

மேலே நடப்பதைச் சொல்லிக் கீழே நடப்பதை மூடி மறைக்க நாம் விரும்பவில்லை. "முறைகேடு, முறைகேடு" என்று கூச்சலிட்டு ஏழையின் மேல் மட்டும் கண் வைத்தால் கடைசியில் அடி யார் மேல் விழுகிறது என்று காட்டவே சொல்கிறோம்.

நம் ஊரிலேயே பார்த்தோம். 2015 செப்டம்பரில் உணவுச் சட்டத்தின் கீழ் வரும் தானியத்துக்குப் பதிலாகப் பணம் போடும் முறையைப் புதுச்சேரியில் தொடங்கினார்கள். இடையில் கசிவு இருக்காது என்றார்கள். பிறகு மாநிலத்தின் இலவச அரிசிக்கும் பணந்தான் என்று லெப்டினண்ட் கவர்னர் கிரண் பேடி பிடிவாதம் பிடித்தார். கசிவு நின்றதோ இல்லையோ, கடை நின்றது. ரேஷன் கடைகளில் பூட்டுத் தொங்கியது. கடை ஊழியர்கள் மாதக் கணக்கில் சம்பளமின்றித் தெருவில் நின்றார்கள். வெளிச் சந்தையில் விலை ஏறியபோது கையில் வந்த பணம் அரிசிக்குப் போதவில்லை. 2024 அக்டோபரில்தான் கடைகள் மறுபடி திறந்தன. ஓட்டைப் பானையை அடைக்கிறேன் என்று சொல்லிப் பானையையே உடைத்த கதை இது.

ஹாலந்து தேசத்தில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே வேலைக்குப் போகும் பெற்றோருக்கு, பிள்ளைகளைப் பராமரிக்கும் செலவில் பெரும் பகுதியைச் சர்க்கார் தருகிறது. அதில் மோசடி நடக்கிறது என்று கிளம்பிய வரி இலாகா, ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்கும், சிறு தொகை பாக்கி நின்றதற்கும் வருஷம் முழுவதும் கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்டது. யாரைச் சந்தேகப்படுவது என்று இயந்திரம் முடிவு செய்தது. வேற்று நாட்டுக் குடியுரிமை உள்ளவர்களை அது கூடுதலாகச் சந்தேகித்தது. சுமார் 26,000 பெற்றோர் மோசடிக்காரர் என்று பொய்யாக முத்திரை குத்தப்பட்டார்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் அவர்களில் ஏராளம். வீடிழந்தார்கள், கடனில் மூழ்கினார்கள். அந்தக் குடும்பங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிரித்து எடுக்கப்பட்டன. உண்மை வெளிவந்து, 2021 ஜனவரி 15-ந் தேதி மந்திரிசபையே ராஜினாமா செய்தது. பிரிந்திருந்த வருஷங்களை அந்தப் பிள்ளைகளுக்கு எந்த மந்திரி திருப்பிக் கொடுப்பான்?

நாம் என்ன கேட்க வேண்டும்?

தோழர்களே! முறைகேட்டைத் தடுக்க வழி உண்டு. அது ஒளிவில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. 2005-ஆம் வருஷத்து நூறு நாள் வேலைச் சட்டம் தன் 17-வது பிரிவில் என்ன சொன்னது? வேலைக் கணக்கைக் கிராம சபையில் வைத்து ஜனங்களே தணிக்கை செய்ய வேண்டும் என்றது. வயல் வேலை செய்யும் நம் சகோதரிகள் அந்தக் கூட்டங்களில் எழுந்து நின்று கணக்குக் கேட்டிருக்கிறார்கள். பட்டணத்துத் தெருவில் மட்டும் அது ஏன் முடியாது? புதுச்சேரியில் 2006-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலின் சபைகள் 2011-ல் காலாவதியான பிறகு, வருஷக் கணக்கில் தேர்தலே நடத்தாமல் வைத்தார்கள். தட்டிக் கேட்க வார்டு மெம்பர் இல்லாத தெருவில் தரகன்தான் மெம்பர்.

ஆகவே நாம் கேட்பது இவை:

ஒன்று, ஒவ்வொரு தெருவிலும் பயனாளிகள் பட்டியலைப் படித்துக் காட்ட வேண்டும். சிபாரிசு செய்த அதிகாரியின் பெயரும் அதிலேயே இருக்க வேண்டும். இரண்டு, சொந்தத் தொழில் செய்வோரின் விற்பனையை அல்ல, செலவும் வட்டியும் போக மிஞ்சுவதை வருமானமாக எடுக்க வேண்டும். மூன்று, கைவிடப்பட்ட பெண்ணுக்கு அக்கம்பக்கத்தார் இருவரின் சாட்சியே போதும். புருஷன் கையெழுத்துக் கேட்கக் கூடாது. நான்கு, தவறு கண்டால் முதலில் நோட்டீஸ், பிறகு விசாரணை. விசாரணை முடியும் வரை அந்த மாதப் பணத்தை நிறுத்தக் கூடாது. சர்டிபிகேட் விற்றவனுக்கும் விற்க விட்டவனுக்கும் வழக்கு. ஐந்து, ஆலை மூடலால் வருமானம் இழந்த குடும்பங்களின் மஞ்சள் அட்டைகளை மறு கணக்கெடுத்துச் சிவப்பாக்க வேண்டும்.

இந்த ஐந்தாவது கோரிக்கைதான் நம் இரவுக் காவல் தோழருக்குச் சேர வேண்டிய பதில். அவருக்கு அநியாயம் நடந்திருப்பது உண்மை. ஆலைச் சம்பளத்தை வைத்துக் கொடுத்த மஞ்சள் அட்டை, சம்பளம் போன பிறகும் மஞ்சளாகவே இருக்கிறது. ஆனால் அந்த அநியாயத்தை இட்லிக் கடைக்காரி செய்யவில்லை. நாளை அவள் பென்ஷனை வெட்டினால் தோழரின் அட்டை சிவப்பாகிவிடாது. தெருவில் ஒரு அடுப்பு அணையும், அவ்வளவுதான்.

சென்ற வாரம் அவரிடம் இதைச் சொன்னோம். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஆள் அடுப்பை உதைக்கிற அன்றைக்கு நாங்கள் யாரும் போய்க் கேட்கவில்லை, தோழர்" என்றார். இதைக் கிளை குறித்துக்கொள்ள வேண்டும். தரகனைப் பற்றிய புகாரையும் கிளை எடுத்திருக்கிறது. இனி நம் ஊர்வலத்தில் அந்த ஆளுக்கு இடமில்லை.

1936 ஜூலை 30-ல் இந்த ஊரில் பன்னிரண்டு தொழிலாளர்கள் பிரெஞ்சு சர்க்காரின் குண்டுக்குப் பலியானார்கள். அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. கெஞ்சியா அதை வாங்கினோம்? நெசவாளியும் நூற்பாளியும் ஒருவரையொருவர் சந்தேகிக்காமல் ஒன்றாக நின்றதால் வந்தது அது. உதவித்தொகையும் அப்படித்தான். அது பிச்சையல்ல, நம் உழைப்பின் பங்கு. பங்கைத் திருடுகிறவனைப் பிடிப்போம். அண்டை வீட்டுப் பானைக்குள் எட்டிப் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம்.